பாட்டும் பாடவேளையும்



உயர்நிலைப் பள்ளிகளில் செய்யுளை எவ்வாறு படிக்கிறார்கள், எவ்வாறு ஆராய்கிறார்கள், எவ்வாறு ஆராய்ந்தால் நன்றாயிருக்கும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அந்த வட்டாரத்தில் தமிழாசிரியனாக என் காலம் கழிந்தது என்பது ஒரு காரணம். அதைக் காட்டிலும் பெரிய காரணம், அங்கே காலடி வைக்கும் இடமெல்லாம் பாட்டுக் கிடக்கிறது என்பது.

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்சார வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். கொரட்டூர் நிலையத்துக்கு அருகே பாடி இருக்கிறது. அதன் பழம்பெயர் திருவலிதாயம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். அம்பத்தூரைத் தாண்டியதும் திருமுல்லைவாயில், சுந்தரர் பாடியது. ஆவடிக்கும் அப்பால் திருநின்றவூர்; அங்குள்ள பெருமாளைத் திருமங்கையாழ்வார் பாடினார்; மனத்திலேயே கோயில் கட்டிய பூசலாரும் அவ்வூரினரே. வண்டியை விட்டு இறங்கித் தெற்கே நடந்தால் திருவேற்காடு, சம்பந்தர் பாடியது. இன்னும் தெற்கே பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அதற்கு மேற்கே திருமழிசை. திருச்சந்த விருத்தம் பாடிய ஆழ்வார் தம் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்ட ஊர். பூவிருந்தவல்லிக்குத் தென்பக்கம் குன்றத்தூர். பெரிய புராணம் இயற்றிய சேக்கிழார் பிறந்தது அங்கேதான். இவ்வளவும் கால் வலுவுள்ள ஒரு மாணவன் ஒரு விடுமுறை நாளில் மிதிவண்டியில் சுற்றிவரக்கூடிய நிலப்பரப்பு.

அந்த மாணவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1955 ஆம் ஆண்டில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அப்பகுதி பெரும்பாலும் வயலும் ஏரியுமாக இருந்தது. பிறகு ஆவடியில் கவச வண்டிகள் செய்யும் தொழிற்சாலை வந்தது. 1965 இல் அதிலிருந்து முதல் ‘விஜயந்தா’ வெளிவந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன; ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்தன. 2011 இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019 இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. 2006 ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளும் தமிழ்ச் செய்யுள் படிக்க அமர்ந்தார்கள். ஒரே வகுப்பில் நெல்லைத் தமிழும் வடார்க்காட்டுத் தமிழும் வீட்டுத் தெலுங்கும் அருகருகே உட்கார்ந்திருக்கும். இத்தகைய வகுப்பில் ஈராயிரம் ஆண்டுப் பாட்டு ஒன்றை ஆசிரியர் எடுத்து வைக்கிறார்.

அவர் என்ன செய்கிறார்? பாட்டை ஒருமுறை வாசிக்கிறார். அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவர் எழுதிக்கொள்கிறார்கள். பின்னர்ப் பாடலின் பொருள், பின்னர் இலக்கணக் குறிப்பு, இது வினைத்தொகை, இது பண்புத்தொகை, இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பின்னர்ப் பகுபத உறுப்பிலக்கணம், இன்ன அணி பயின்று வந்துள்ளது, வினா, விடை. மணி அடிக்கிறது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இவற்றுள் ஒன்றும் வேண்டாதது அன்று. ஆனால் இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் பாட்டு வகுப்புக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது என்ற உணர்ச்சி நல்லாசிரியர் பலருக்கும் உண்டு. அது ஏன் என்பதே நாம் ஆராய வேண்டியது.

மேல்நிலை வகுப்பு வினாத்தாள்களில் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்று ஒரு வினா உண்டு. ஒரு பாடலைக் கொடுத்து அதன் அழகை எடுத்தெழுதச் சொல்வார்கள். தமிழ்த் தேர்வில் இதைக் காட்டிலும் நல்ல வினா இல்லை என்பேன். ஆனால் அதற்கு வரும் விடைகளைத் திருத்தியவர்களுக்குத் தெரியும். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம், சுவை என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் முன்பே மனப்பாடம் செய்து வைத்த ஒரு புகழ்ச்சி வாக்கியம். பாட்டு தாலாட்டாக இருந்தாலும் அதே வாக்கியம். இரங்கற்பாவாக இருந்தாலும் அதே வாக்கியம். எந்த உடம்புக்கும் போடக்கூடிய சட்டை எந்த உடம்புக்கும் அளவெடுத்துத் தைத்தது ஆகாது. எதுகை இருக்கிறது என்று அடிக்கோடு இட்டுக் காட்டும் மாணவன், அந்த எதுகை அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவனை எண்ணும்படி யாரும் கேட்டதும் இல்லை.

நம் முன்னோர் இப்படித்தான் படித்தார்களா? திண்ணைப் பள்ளியில் பொருள் தெரியுமுன்னே மனப்பாடம் செய்வித்தார்கள் என்பது உண்மை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, சதகம், அந்தாதி என்று செவி வழியாகவே பெரும்பொருளைப் பிள்ளைகள் சேர்த்துக்கொண்டார்கள். மனப்பாடத்தை இக்காலத்தில் பலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாவில் இல்லாத பாட்டை மனத்தில் வைத்து ஆராய முடியாது. புத்தகத்தைத் திறந்தால்தான் தெரியும் பாட்டு, புத்தகத்தை மூடியதும் போய்விடும். ஆனால் திண்ணைப் பள்ளியோடு படிப்பு முடிந்துவிடவில்லை. அடுத்த நிலையில் ஒரு புலவரை அடுத்துப் பாடம் கேட்டார்கள். 1871 இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், தாம் பாடம் கேட்ட வகையைத் தம் சரித்திரத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். பாடம் ‘கேட்டல்’ என்ற அந்தச் சொல்லையே சற்றுக் கவனியுங்கள். செவியால் கேட்பதும் கேட்டல், வினாவுவதும் கேட்டல்.

இதற்கு இலக்கணமும் உண்டு. உரை என்பதற்கு உறுப்புகள் 14 என்று நன்னூல் எண்ணுகிறது. பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம் முதலியவை அவற்றுள் அடங்கும். அவற்றோடு வினா என்பது ஓர் உறுப்பு. விடை என்பது வேறோர் உறுப்பு. பரிமேலழகர் உரையைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். ஓர் அதிகாரத்துக்குப் பின் அடுத்த அதிகாரம் ஏன் வந்தது என்பதை அவர் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு தடையைத் தாமே எழுப்பி, அதற்கு விடையையும் தாமே சொல்லுவார். அவர் சொல்லும் விடையோடு நாம் மாறுபடலாம். பலர் மாறுபட்டும் இருக்கிறார்கள். மாறுபடுவதற்கு இடம் கிடைத்ததே அவர் வினாவையும் நமக்கு விட்டுச் சென்றதால்தான். இன்றைய வகுப்பிலோ பதின்மூன்று உறுப்புகள் குறைவின்றி இருக்கின்றன. வினா என்ற ஒன்று மட்டும் வினாத்தாளுக்குப் போய்விட்டது.

வழிகாட்டி உரைகளின் மேல் பழி போடுவது எளிது. ஐயன்பெருமாள் கோனார் போன்ற பேராசிரியர்கள் எழுதிய உரைகள் பல தலைமுறை மாணவர்களுக்குத் துணை செய்தவை. தந்தையும் தாயும் எழுத்தறியாத வீட்டில் மாலையில் விளக்கடியில் ஐயம் தீர்க்க வேறு யார் இருந்தார்கள்? குற்றம் உரையில் இல்லை. பாட்டைக் கேட்பதற்கு முன்னே உரையைப் படிப்பதில் இருக்கிறது. வினா மனத்தில் எழாதவனுக்கு விடையைக் கொடுத்தால் அதை அவன் வேறு என்ன செய்வான்? மனப்பாடம்தான் செய்வான்.

ஆங்கில நாட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர், கவிஞர் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவர் கையில் கொடுத்து, தோன்றியதை எழுதி வரச் சொன்னார். பேர்பெற்ற கவிஞரின் பாட்டைப் பலர் இகழ்ந்தார்கள். சாதாரணப் பாட்டைப் போற்றினார்கள். எளிய சொற்களின் பொருளையே தவறாகக் கொண்டார்கள். 1929 இல் அந்த விடைகளை வைத்தே ஒரு நூல் எழுதினார். நன்கு படித்தவர்களுக்கும் ஒரு பாட்டை நேர்நின்று படிக்கத் தெரியவில்லை என்பதை அது காட்டிற்று.

நம் சென்னையில் அதற்கும் முன்பே ஒருவர் இத்துறையில் இறங்கினார். மறைமலையடிகள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது 1903 இல் முல்லைப்பாட்டுக்கு ஓர் ஆராய்ச்சியுரை எழுதினார். நச்சினார்க்கினியர் பெரிய உரையாசிரியர். எனினும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள சொற்களை எடுத்து இணைத்துப் பொருள் சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு. அடிகள் அதை மறுத்தார். புலவர் வைத்த வரிசையிலேயே பாட்டைப் படித்தால் என்ன காணலாம் என்று காட்டினார். அவர் வகுப்பு கல்லூரி வகுப்பு. நம் பேச்சு பள்ளி வகுப்பைப் பற்றியது. ஆயினும் பாட்டை அதன் வரிசையில் படி, பிறகு ஐயுறு, பிறகு உரை காண் என்ற நெறி பள்ளிக்கும் பொருந்தும். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வேறு வழியில் இதையே செய்தார். அவருடைய வட்டத்தொட்டியில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பார்கள். கம்பனிடம் கைவைத்து எது உண்மைப் பாட்டு, எது இடைச்செருகல் என்று அவர் தீர்ப்புச் சொன்ன துணிவை நான் ஏற்க மாட்டேன். ஆனால் வாய்விட்டுப் படித்தல் என்ற அவர் மருந்து கைகண்ட மருந்து.

பொதுப்பட இவ்வளவு போதும். வகுப்புக்குள் போவோம்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பலரும் அறிவீர்கள். முன்பின் அறியாத ஒருவனும் ஒருத்தியும் சந்திக்கிறார்கள். என் தாயும் உன் தாயும் யார் யாருக்கு என்ன உறவு, என் தந்தைக்கும் உன் தந்தைக்கும் என்ன தொடர்பு, நீயும் நானும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம் என்று தலைவன் கேட்கிறான். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமை காட்டி, நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிக்கிறான். பாடியவர் பெயர் மறைந்து போயிற்று. உவமையைக் கொண்டே அவரைச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று அழைத்தார்கள். இதை ஒருமுறை வகுப்பில் படித்தேன். என் தாய்க்கு ஒரு சொல், உன் தாய்க்கு வேறொரு சொல் என்று அந்தப் பாட்டில் வரும் பழஞ்சொற்கள், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் புதியவை, தெலுங்கு பேசும் பிள்ளைக்கும் புதியவை. அந்த ஒரு நாள் வகுப்பில் எல்லோரும் சமம்.

அம்பத்தூருக்கு வடக்கே சில கல் தொலைவில் செங்குன்றம் இருக்கிறது. பெயரே மண்ணின் நிறத்தைச் சொல்லும். அந்தப் பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் மண் அடியில் தங்கிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். எங்கள் வீட்டில் தேற்றாங்கொட்டையை உரைத்துப் போடுவார்கள். அப்படியானால் பிரிக்க முடியாது என்று சொல்வது எப்படி?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உவமையை அவன் கையில் எடுத்து உரசிப் பார்த்திருக்கிறான். பொன்னை உரைகல்லில் உரசுவது போல. இதற்கு உரைநூலில் விடை இல்லை. ஏனெனில் வினாவே அதில் இல்லை.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வீட்டில் தெலுங்கு பேசும் மாணவி ஒருத்தி, “குடத்தில் எடுத்தால் தெளியும், ஐயா. பாட்டில் குடம் இல்லையே. மழை இன்னும் பெய்துகொண்டுதானே இருக்கிறது?” என்றாள்.

புலவர் பெயரில் உள்ள ‘பெயல்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பெய் என்பது பகுதி. அல் என்பது தொழிற்பெயர் விகுதி. மழை என்று பொருள் கொள்ளலாம். ஆனால் சொல்லின் உடம்பில் இருப்பது பெய்தல் என்ற தொழில். மாணவி பாட்டில் உணர்ந்ததை இலக்கணம் சான்று காட்டிற்று. பகுபத உறுப்பிலக்கணத்தை அந்த வகுப்பு விரும்பிப் படித்தது அன்றுதான். இலக்கணக் குறிப்பு வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். வழக்கு ஒன்று எழுந்த பிறகு சாட்சியை அழையுங்கள் என்கிறேன். வழக்கே இல்லாமல் சாட்சிகளை நிறுத்தி வைத்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் சொன்ன தேற்றாங்கொட்டை இலக்கியத்துக்குப் புதியது அன்று. கலங்கிய நீர் தேற்றா விதையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாகக் கையாள்கிறது. பிரிவால் கலங்கிய தலைவி காதலனைக் கூடித் தெளிந்தாள் என்பதற்கு அது உவமை. ஒரு புலவர் கலங்குவதில் காதலைக் கண்டார். மற்றொருவர் தெளிவதில் கண்டார். இரண்டையும் அருகில் வைத்தால் ஒரு வாரத்துக்கு வகுப்பு நடத்தலாம். அந்தச் செல்வத்தின் திறவுகோல் ஒரு வீட்டு அடுக்களையிலிருந்து வந்தது.

இனித் திருமுல்லைவாயிலுக்கு வருவோம். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியேன் என்று சூளுரைத்தார். பின் திருவாரூர் நினைவு மேலிட, அந்த உறுதியை மீறி ஊரெல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கண்ணொளி இழந்தார். பார்வையின்றி அவர் வந்து பாடிய முதல் ஊர்களுள் ஒன்று நம் திருமுல்லைவாயில். தக்கேசிப் பண்ணில் அமைந்த பதிகம். முல்லைக்கொடி தொண்டைமானின் யானையைச் சுற்றிக் கட்டிய கதையும் அந்தப் பதிகத்திலேயே இருக்கிறது. ஆவடிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை நாள்தோறும் இரு முறை அவ்வூர் நிலையத்தைக் கடக்கிறது. நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிறது. அவ்வளவே.

பாட்டுக்குப் பாட்டு, என் துயரைக் களைவாய் என்ற ஒரே வேண்டுகோள் அந்தப் பதிகத்தில் திரும்பி வருகிறது. வகுப்பில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஒரே சொல் பத்துமுறை வந்தால் பத்துமுறையும் ஒரே பொருளா? வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அன்று என்பது விளங்கும். முதற்பாட்டில் தம் செருக்கைத் தாமே எடுத்துச் சொல்கிறார். பிறரை மதியாமல் நடந்ததையும் பிணங்கித் திரிந்ததையும் ஒளிக்கவில்லை. மற்றொரு பாட்டில், சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவனே என்று இறைவனை அழைக்கிறார். அழைத்துவிட்டு அதே மூச்சில், நற்குணம் படைத்தவன் என்று பொருள்படும் ஒரு விளியையும் வைக்கிறார்.

இங்கே நிறுத்த வேண்டும். கண்ணைப் பறித்தவனை நற்குணம் உடையவன் என்று அழைப்பது புகழ்ச்சியா, குத்தலா? இலக்கணக் குறிப்பில் ‘விளி’ என்று எழுதி மேலே போய்விடலாம். அரை மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் மூன்று மாணவரை எழுப்பி அந்த ஒரு சொல்லை மூன்று விதமாகச் சொல்லச் செய்யுங்கள். ஒருவன் பணிவோடு சொல்லட்டும். ஒருத்தி நண்பனை இடித்துரைப்பது போலச் சொல்லட்டும். மற்றொருவன் அழுது களைத்த குரலில் சொல்லட்டும். எந்தக் குரல் பாட்டின் மற்ற இடங்களோடு பொருந்துகிறது என்று வகுப்பே முடிவு செய்யட்டும். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று ஒரு பெயர் உண்டு என்பதை அப்போது சொன்னால், அது வெறும் குறிப்பாக இராது. வழக்கில் ஒரு சான்றாக வந்து நிற்கும்.

இவ்வாறு படிப்பது புதுமை என்று எண்ண வேண்டாம். இதே பதிகத்தை இவ்வாறு படித்தவர் ஒருவர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்தார். அவர்தாம் குன்றத்தூர்ச் சேக்கிழார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி அவருக்கு வழிகாட்டிற்று. எனினும் தேவாரப் பதிகங்களின் உள்ளே கிடந்த சொற்களையே சான்றாகத் திரட்டி அவர் அடியார் வரலாறுகளை விரித்தார் என்பது அறிஞர் கருத்து. இந்தப் பதிகத்தில் ஒற்றியூர் வருகிறது; சங்கிலி வருகிறாள்; கண் வருகிறது. இவை ஏன் ஓரிடத்தில் வருகின்றன என்று கேட்டவருக்கே கதை கிடைக்கும். பெரிய புராணம் பக்தி நூல் என்று அறிவோம்; அது ஒரு பெரும் படிப்பாளியின் நூலும் ஆகும். பாடலை ஆராய்வது பாடலைக் கொல்வது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் எதிர்ச்சான்று குன்றத்தூரில் இருக்கிறது. அவர் ஆராய்ந்ததால் சுந்தரர் பாட்டுக் குறைந்து போயிற்றா?

வகுப்பில் பல சமயத்துப் பிள்ளைகள் இருப்பார்களே என்று சிலர் தயங்குவர். உமறுப்புலவரையும் வீரமாமுனிவரையும் எல்லோரும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் சுந்தரரும் இருக்கலாம். வழிபாட்டை வீட்டுக்கு விட்டுவிட்டு, நண்பனிடம் சினந்து மன்றாடும் ஒரு மனிதக் குரலை வகுப்பு கேட்கட்டும்.

ஓரிடத்தில் மட்டும் தயக்கம் எனக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது முறையன்று. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. அத்தகைய பள்ளியில் பாட்டு முதலில் செவிக்கு வருகிறது. பிறகு பிரெய்ல் புள்ளிகளாக விரலுக்கு வருகிறது. நான் மேலே வேண்டிக்கொண்ட முறை அங்கே தேவையின் காரணமாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் கண்ணொளி இழந்ததைத் தண்டனையாகக் கருதும் ஒரு கதையை, பார்வையில்லாத ஒரு சிறுமியின் முன் எடுத்துச் சொல்லும் ஆசிரியர் என்ன செய்வார்? பொழிப்புரை படித்துத் தப்ப முடியாது. “சூளுறவு தவறியது அவர், நான் என்ன தவறினேன்?” என்று அவள் கேட்டால் அதற்கு விடை சொல்ல வேண்டும். கதை சொல்லும் நீதி ஒன்று. பாட்டில் ஒலிக்கும் குரல் மற்றொன்று. பதிகத்தில் பேசுபவர் தம் தவறுகளை ஒப்புக்கொள்கிறார். ஆயினும் வாய்மூடி இருக்கவில்லை. வழி தெரியாத நிலையில் நின்றுகொண்டு பேசுகிறார், கேட்கிறார், வேண்டுகிறார், ஊடுகிறார். அந்தச் சிறுமி தன் கேள்வியைச் சுந்தரர் பக்கம் நின்று கேட்கலாம். எந்த உரைநூலும் அவளுக்காக அந்த இடத்தைத் தயார் செய்து வைக்க முடியாது. ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஐம்பது பிள்ளைகள், பாடவேளையோ முக்கால் மணி, முடிக்க வேண்டிய பகுதிகள் மலைபோல, ஆண்டு இறுதியில் அரசுத் தேர்வு. நியாயமான கேள்விதான். எல்லாப் பாட்டையும் இவ்வாறு படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். ஓர் ஆண்டில் நான்கு பாட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்குக்கு மட்டும் முதல் பாடவேளையில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், மாணவரும் சொல்லட்டும். பிறகு ஒவ்வொருவரும் ஒரு தாளில், எந்த இடம் விளங்கவில்லை, எந்த இடத்தில் புலவரோடு சண்டை பிடிக்கத் தோன்றுகிறது என்று எழுதட்டும். அந்தத் தாள்களே மறுநாள் பாடம். அருஞ்சொற்பொருளும் அணியும் இலக்கணமும் அந்த வினாக்களுக்கு விடையாக வரட்டும். மற்றப் பாடல்களை வழக்கம் போல நடத்தலாம். நான்கு பாட்டை இப்படிப் படித்த மாணவன் ஐந்தாம் பாட்டைத் தானே படிக்கத் தொடங்குவான். இதை நான் கண்டிருக்கிறேன். நயம் பாராட்டல் வினாவுக்கும் அவன் விடை எழுதுவான். தலைப்புகள் சற்று முன்பின்னாக இருக்கும். திருத்துபவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்பத்தூர், ஆவடிப் பள்ளிகளுக்கு அந்த நான்கில் ஒன்று திருமுல்லைவாயில் பதிகமாக இருக்கலாம் என்று சொன்னேன். அதற்கு அடுத்ததும் அருகிலேயே இருக்கிறது. முல்லைவாயிலை விட்டுச் சென்ற சுந்தரர் திருவெண்பாக்கத்தில் ஒரு பதிகம் பாடினார். கோயிலுக்குள் நீ இருக்கிறாயா என்று கேட்டார். இருக்கிறோம், நீ போ என்பது போல விடை வந்தது. ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. அந்த விடையை எந்தக் குரலில் படிப்பது என்பதை மாணவரிடம் விட்டுவிடலாம். சென்னையின் குடிநீருக்காகப் பூண்டியில் 1944 இல் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தபோது அப்பழங்கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று; கோயிலை வேறிடத்தில் அமைத்தார்கள். ஆவடியிலிருந்து பேருந்தில் அரை நாளில் போய்வரலாம்.